படம் பாக்காமலே மனப்பாடம் ஆன படம் எது? (படத்தோட சத்தத்த மட்டும் ரேடியோல போடுற ஒலிச்சித்திரம், கதை வசன கேசட், கொழா ஸ்பீக்கர் ஆளுங்க எல்லாம் வாங்க)

கம்பம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ப்பா. ரொம்ப நாளா இதக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு ஒரு படமாவது கண்ணால பாக்குறதுக்கு பல வருசம் முன்னாடியே காதால முழுசாத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அது திருவிளையாடல். 1965ல வந்த படம், நான் பொறக்குறதுக்கு ரொம்ப முன்னாடி. எங்கூர்ல காதுகுத்து, சடங்கு, பொங்கலு எதுன்னாலும் மொத நாளே ரேடியோ செட்டுக்காரரு வந்து புளியமரத்துல நாலு பக்கமும் கொழா கட்டிருவாரு, காலைல பிள்ளையார் பாட்டு, அப்பறம் வரிசையா முருகன் பாட்டு, மத்தியானம் பந்தி முடிஞ்சு சனம் எல்லாம் கெறங்கிக் கெடக்குறப்ப இந்தக் கதை வசனத்தப் போட்டு விட்டுட்டு அவரும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே துண்ட விரிச்சுப் படுத்துருவாரு.

எங்க வீடு ஊருக்கு வெளிய தோட்டத்துல. காத்து எங்க பக்கம் அடிச்சா தருமி பேசுறது கணீர்னு கேக்கும், காத்து திரும்பிட்டா நக்கீரர் பாதி வசனத்துல காணாமப் போயிருவாரு. அந்த விட்டுப்போன பாதிய நானும் எங்கண்ணனும் நாங்களா ரொப்பிக்கிட்டோம். பின்னாடி டிவில படத்தப் பாத்தா நாங்க ரொப்பினதுக்கும் அங்க பேசுறதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா இன்னைக்கும் மனசுல ஓடுறது எங்க வசனம்தேன். இன்னொண்ணு, எனக்கு தருமின்னா எங்கூரு கோயில் பூசாரி, நல்ல தொந்தி வச்ச ஆளு. டிவில குச்சியா நாகேஷ் வந்து நின்னதும் இவரு யாருடா நடுவுலன்னு இருந்துச்சு.

உங்களுக்கு எது? எதுல கேட்டீங்க, மனசுல எப்டி ஓடுச்சுன்னு சொல்லுங்க. பென்சில விட்டு கேசட்ட சுத்துன கத மட்டும் வேணாம், அத எல்லாப் பயலும் சொல்லியாச்சு.

பின்சீட்டு:
அண்ணே நான் 2002ல பொறந்தவன், கேசட் எங்க வீட்ல பரண்ல தான் பாத்துருக்கேன், ஆனாலும் இந்த இழைல எனக்கு எடம் இருக்கு. காலேஜ் சென்னைல, வீடு நாகர்கோவில் பக்கம். பஸ் டிக்கெட் எப்பவும் கடைசி நேரத்துல எடுக்கறதால கடைசி வரிசை தான் கிடைக்கும், முன்னாடி சீட்டுக்காரர் பின்னால சாய்ச்சதும் டிவி போயிடும், சவுண்டு மட்டும் தலைக்கு மேல உள்ள ஸ்பீக்கர்ல இருந்து நேரா மண்டைல எறங்கும். தூங்கவும் முடியாது. அப்டி கேட்ட படங்கள் தான் என் லிஸ்ட். ஒரு படத்துல ஹீரோயின் செத்துட்டான்னே ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன், எல்லாரும் அழுதாங்க, சோகமா வயலின் போச்சு, அப்புறம் விக்கிரவாண்டில டீக்கு நிறுத்திட்டாங்க, திரும்பி ஏறுனா வேற படம். போன வருசம் ஓடிடில பாத்தா அவ செத்தது இல்ல, கல்யாணம் ஆகி வீட்ட விட்டுப் போறா.

சிந்தாமணி:
எங்களுக்கு விதிங்க. 1984. குமாரபாளையத்துப் பக்கம் தறி ஓடற வீடு எங்களுது. தறி ஓடிட்டிருந்தா பக்கத்துல நிக்கறவங்க பேசறதே காதுல உழுகாது, வாய் அசைவப் பாத்துத்தான் புரிஞ்சுக்கோணும். அதனால எங்க வீதில பாட்டு கேக்கறதுன்னா கரண்ட் போனாத்தான். கரண்ட் போன ஒடனே தறி எல்லாம் ஒரே நேரத்துல நிக்கும் பாருங்க, அப்ப ஒரு அமைதி வரும், அடுத்த நிமிசம் எதுத்த வீட்டு அண்ணன் பேட்டரி போட்ட நேஷனல் பேனசோனிக்க திண்ணைல கொண்டாந்து வெச்சிருவாரு. அவரு கிட்ட பாட்டு கேசட்டே கம்மி, விதி கதை வசனம் தான் போடுவாரு. பொம்பளைங்க எல்லாம் நூல் சுத்தற கைய நிறுத்தாம சுத்தி உக்காந்துக்குவோம்.

கோர்ட் சீன் முழுசும் எங்க வீதில அத்தன பேருக்கும் தெரியும். சுஜாதா வக்கீலா கேக்கற கேள்விக்கு இந்தப் பக்கம் இருந்து எங்க பெரியம்மா பதில் சொல்லுவாங்க, எதிர்க்கட்சி வக்கீல் ஜெய்சங்கர் பேச ஆரம்பிச்சா வெத்தலைய துப்பிட்டு வைவாங்க. கேஸ் ஜெயிக்கறதுக்குள்ள கரண்ட் வந்துரும். தறி ஓட ஆரம்பிச்சா முடிஞ்சுது. எத்தனையோ தடவ கேட்டும் தீர்ப்ப நாங்க கேட்டதே கொஞ்சம் தடவ தான். கரண்ட் வந்தா சம்பளம், வராட்டி தீர்ப்பு, ரெண்டுல எது வேணும்னு சாமி கிட்டக் கேக்கவே சங்கடமா இருக்குமுங்க.

படத்த ரொம்ப பின்னாடி தான் பாத்தேன். கோர்ட்ல அத்தன பேர் உக்காந்திருப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. எனக்கு அது நாலே பேர் இருக்கற ஒரு அறை.

ஹெட்_அட்ஜஸ்ட்மென்ட்:
நல்ல இழை. நான் முப்பது வருசம் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் பாத்தவன், ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் தான் ஜீவனம். கம்பம்காரர் காத்துல காணாமப் போச்சுன்னு சொன்னதுக்கும் சிந்தாமணி அம்மா கோர்ட் சீனுக்கும் ஒரு விஷயம் சொல்லணும்.

கொழா ஸ்பீக்கர்ல பாஸ் சுத்தமா வராது. தபேலா மிருதங்கம் எல்லாம் தகர டப்பா ஆயிடும். நடுவாந்தர சத்தம் மட்டும் தூக்கிக் கொடுக்கும், மனுசப் பேச்சுல புரியற பாகம் முக்காவாசி அங்க தான் இருக்கு. அதனால பாட்ட விட வசனம் தான் அதுல ரொம்ப தூரம் போகும். கூடவே, அந்தக் குரல்கள் யாரோடதுன்னு பாருங்க. சிவாஜி சின்ன வயசுலயே யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளை நாடகக் கம்பெனில சேந்தவர். ஏ.பி.நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுல இருந்தவர். மைக் எல்லாம் சரியா இல்லாத கொட்டாய்ல கடைசி வரிசைல உக்காந்திருக்கிறவனுக்கும் கேக்கணும்னு பழகுன தொண்டை. ஒவ்வொரு எழுத்தையும் முழுசா உச்சரிச்சு, மூச்சு எங்க விடணும்னு கணக்கு வெச்சுப் பேசுறவங்க. அது வயக்காட்டத் தாண்டி வந்துச்சுன்னா ஆச்சரியமே இல்ல. கம்பம்காரரே, உங்களுக்கு காத்துல காணாமப் போன நக்கீரர் வேற யாரும் இல்ல, படத்த எடுத்த ஏ.பி.நாகராஜனே தான். இது தெரியாம வசனத்த மட்டும் ஒப்பிக்கிறவங்க நெறைய.

அப்புறம் அந்தக் கதை வசன ரெக்கார்டையும் யாரும் பாராட்டறது இல்ல. நிமிசத்துக்கு 33 சுத்து சுத்தற எல்பில ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்தஞ்சு நிமிசம் தான் புடிக்கும். ரெண்டரை மணி நேரப் படத்த முக்கா மணி நேரத்துக்குள்ள அடைக்கணும், கண்ணால பாக்காதவனுக்கும் யார் யார் கிட்டப் பேசறாங்கன்னு புரியணும். சீனியர் எடிட்டர் வேலை அது. விதி மாதிரி படம் இதுக்குன்னே அளவெடுத்து வந்தது, கோர்ட்ல பேச்ச விட்டா வேற ஒண்ணும் நடக்காது, அதனால வெட்டவே வேணாம். படம் முதல்ல தெலுங்குல 1981ல வந்தது, அங்கயும் கோர்ட் தான் உசிரு.

இன்னொரு விஷயம், விதி ஹீரோ மோகன் படங்கள கேசட்ல மட்டும் கேட்டவங்களுக்கு. அவருக்கு ரொம்பப் படங்கள்ல குரல் கொடுத்தது பாடகர் எஸ்.என்.சுரேந்தர். ஆக நீங்க பாதி நாள் மோகன்னு நெனச்சு ரசிச்சது சுரேந்தர.

கம்பம்காரன்:
அண்ணே நக்கீரர் தகவலுக்கு ஒரு கும்புடு. எங்கண்ணனுக்கு இப்பயே போனப் போடுறேன்.

வடமராட்சியான்:
அண்ணை, அக்கா எல்லாருக்கும் வணக்கம். சிந்தாமணி அக்கா கரண்ட் போனால் தான் படம் எண்டு சொன்னா. யாழ்ப்பாணத்தில எங்களுக்கு 1990ல போன கரண்ட் வரவே இல்லை, வருசக்கணக்கா. பொருளாதாரத் தடை. பற்றறியும் தடைசெய்த சாமான் தான், எங்கயாவது கள்ளமா வந்தால் யானை விலை. அந்தப் பற்றறியையும் வெயிலில காய வச்சு, சிலபேர் அடியில ஆணியால ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டு, இன்னும் ரெண்டு நாள் உயிர் குடுப்பினம். அது இரவு பிபிசி தமிழோசை கேக்கிறதுக்கு மட்டும். படத்துக்கு அதைத் தொட்டால் அப்பா தோலை உரிச்சுப்போடுவார்.

அப்ப படத்துக்கு என்ன செய்தனாங்கள் எண்டால் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவை டயரில முட்ட விட்டு, கையால பெடலைச் சுத்திறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்திய வானொலியில ஒலிச்சித்திரம் போகேக்க எங்கட வளவுக்குள்ள பத்துப் பதினைஞ்சு சனம். கடல் தானே இடையில, திருச்சி எங்களுக்கு கொழும்பை விட தெளிவா இழுக்கும். சுத்திறது பொடியளின்ர முறை, ஆளுக்கு ஒரு பாட்டு நேரம். ரேடியோவில பிரச்சினை குறைவு, சுத்து குறைஞ்சால் சத்தம் குறையும், அவ்வளவு தான். ரேப் ரெக்கோடரில கதை வசன கசற் போட்டால் தான் கூத்து. சுத்திறவன் களைச்சுப் போனால் மோட்டர் இழுபடும், கதாநாயகியின்ர குரல் அப்பிடியே இறங்கி இறங்கி வில்லன்ர குரலா வரும், அவன் பயந்து விசையாச் சுத்த வில்லன் சின்னப் பிள்ளையா கீச்சிடுவான். ஆச்சி ஒருத்தி இருந்தவ, ஒரு சோகக் கட்டத்தில இப்பிடி நடந்து எல்லாரும் சிரிக்க, அவ மட்டும் "பாவம், அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு" எண்டு சொன்னவ.

நான் அப்பிடிக் கேட்ட படங்களைப் பிறகு கனடாவில நல்ல ரீவியில பாத்திருக்கிறன். எல்லாரும் ஒரே வேகத்தில கதைக்கினம், எனக்கு அது ஒரு மாதிரி இருக்கு.

பின்சீட்டு:
அண்ணா இது நிஜமாவே வேலை செய்யுமா? டைனமோ ஏசி தானே குடுக்கும், டேப்ரிக்கார்டருக்கு டிசி வேணும்ல? ஈஇஇ படிச்சதுக்கு இத மட்டுமாவது கேக்கறேன்.

வடமராட்சியான்:
தம்பி சரியான கேள்வி. அந்த டைனமோ 6 வோல்ற். எங்கட ஊரில ரேடியோ திருத்திற ஒரு அண்ணை பழைய ரேடியோவில கழட்டின டயோட் நாலும் ஒரு பெரிய கப்பாசிற்றரும் வச்சு ஈயம் பத்திக் குடுத்தவர், சவர்க்காரப் பெட்டிக்குள்ள. கப்பாசிற்றர் இல்லாமல் நேரே குடுத்தால் "ங்ங்ங்" எண்டு இரைச்சல் தான் வரும், வசனம் விளங்காது. சவர்க்காரமும் தட்டுப்பாடு எண்டபடியால் அந்தப் பெட்டிக்கு வேற வேலை இருக்கேல்லை. எங்களில ஆரும் படிச்ச ஆக்கள் இல்லை, ஆனால் பத்தாம் வகுப்புப் பொடியனுக்கும் டயோட்டின்ர எந்தப் பக்கம் கறுப்புக் கோடு எண்டு தெரியும்.

ஹெட்_அட்ஜஸ்ட்மென்ட்:
சோப்பு டப்பால பவர் சப்ளை. யாழ்ப்பாணத்துக்காரங்களுக்கு சல்யூட். எங்க கடைல ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லன்னா அன்னைக்கு லீவு விட்டுட்டுப் போயிடுவோம்.

கேள்விஞானம்:
எனக்குப் பொறந்ததுலருந்தே பார்வை கிடையாது. ஸ்கிரீன் ரீடர் இந்த இழைய வாசிச்சுக் காட்டிட்டிருக்கு, வடமராட்சியார் எழுதினத அது தன் பாணில வாசிச்சது தனி காமெடி. எல்லாரும் "அப்புறம் படத்தப் பாத்தேன், அப்டி இல்ல" அப்டின்னு முடிக்கிறீங்க. எனக்கு அந்த "அப்புறம்" கிடையாது. கேட்டது தான் படம். அதனால படங்கள எனக்குத் தெரிஞ்ச விதத்துல கொஞ்சம் தரம் பிரிச்சுச் சொல்றேன், கோச்சுக்காதீங்க.

ஒலிச்சித்திரம் எனக்குப் பிடிச்சதுக்கு முதல் காரணம், சண்டைய வெட்டிடுவாங்க. தியேட்டர்ல சண்டை எனக்கு அஞ்சு நிமிச இரைச்சல், யார் அடிச்சா யார் விழுந்தான்னு ஒண்ணும் தெரியாது, பக்கத்துல வந்த நண்பன் "இப்ப ஹீரோ மேல... இல்ல இல்ல வில்லன்" அப்டின்னு அவனே கொழம்புவான். பழைய படங்கள்ல ஆள் உள்ள வரும்போதே பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க, "வாங்க மாமா, எப்ப வந்தீங்க" அப்டின்னு. பாக்குறவங்களுக்கு அது மிகையா இருக்கும், எனக்கு அது தான் வாசல். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், கண்ணாடி வளையல், இதெல்லாம் அப்ப ஒழுங்கா இருக்கும்.

எழுபதுகள் கடைசி, எண்பதுகள்ல இளையராஜா வந்தப்புறம் பேச்சு குறைஞ்சுது, ஆனா எனக்குக் குறையா இல்ல, ஏன்னா கதைல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு துண்டு இசை இருக்கும், அது வந்தாலே இவ வந்துட்டான்னு தெரிஞ்சிடும். இப்ப வர்ற படங்கள் தான் கஷ்டம். முக்கியமான விஷயத்த எல்லாம் ஹீரோ போனுக்கு வர்ற மெசேஜா திரைல எழுதிக் காட்டிடறாங்க. டிங்னு ஒரு சத்தம். தியேட்டரே "ஹோ"ங்குது. நான் முழிக்கிறேன். ஒருத்தரும் வாய் விட்டுப் படிக்க மாட்டாங்க, படிச்சா பழைய ஸ்டைலாம். அதுக்கு மேல கிளைமாக்ஸ்ல மௌனம் வேற, இயக்குநர் பேட்டில அந்த மௌனத்தப் பத்தி அரை மணி நேரம் பேசுவார், படத்துல அதுல ஒரு நிமிசம் பேசிருக்கலாம்.

2024 மார்ச்ல மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதுக்கு ஒரு வழிகாட்டு நெறி கொண்டு வந்தாங்க, தியேட்டர்ல வர்ற படங்களுக்கு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒலி வர்ணனை, காது கேக்காதவங்களுக்கு எழுத்து. போன்ல ஆப் போட்டு படத்தோட சத்தத்த அதுவே மோப்பம் புடிச்சு, சரியான எடத்துல ஹெட்ஃபோன்ல "இப்ப கதவத் திறக்கிறான்" அப்டின்னு சொல்லும். ஒரு தடவ அப்டிக் கேட்டேன். நல்லாவே இருந்துச்சு. முதல் தடவையா நண்பன் வாயத் திறக்கல, அவனுக்குத் தான் படம் புடிக்கல, சொல்ல ஒண்ணுமில்லாம போரடிக்குதாம். ஆனா தமிழ்ல அந்த வசதி இருக்கிற படம் இன்னும் தேடித் தான் பிடிக்க வேண்டியிருக்கு.

பின்சீட்டு:
அண்ணா அந்த மெசேஜ் மேட்டர் செம உண்மை. பஸ் கடைசி சீட்லயும் அதே ப்ராப்ளம் தான், டிங்னு வரும், முன்னாடி எல்லாரும் சிரிப்பாங்க, எனக்கு என்னன்னே தெரியாது. இப்ப வர்ற படத்துல காதுக்குன்னு எதாவது தேறுமா?

கேள்விஞானம்:
தேறும் தம்பி. ஒரே வீட்டுக்குள்ள நடக்கற கதை, கோர்ட், போலீஸ் விசாரணை, நாலு பேர் கார்ல போற கதை, இதெல்லாம் கண்ண மூடிட்டு டிக்கெட் எடுக்கலாம். எனக்கு அது எப்பவுமே மூடித் தான் இருக்கு, அது வேற.

சிந்தாமணி:
தம்பி நல்லா எழுதறீங்க. எங்க வீதிக்கு அந்தக் காலத்துல நீங்க வந்திருந்தா பெரியம்மா உங்களத் தான் ஜட்ஜா உக்கார வெச்சிருப்பாங்க.

பழையசோறு:
இங்க வெவரம் தெரிஞ்சவங்க இருக்கறதால ஒரு உதவி. எங்கம்மா ரேடியோல போன ஒலிச்சித்திரத்த கேசட்ல புடிச்சு வச்சிருக்காங்க. லைன் எல்லாம் கிடையாது, டேப்ரிக்கார்டர ரேடியோ முன்னாடி வச்சு ரெக்கார்டு ப்ளே ரெண்டையும் சேத்து அமுக்குனது. அதனால படத்தோட கூட எங்க வீடும் இருக்கு. குக்கர் விசில், "யாருடா அது பேசாத"ன்னு அம்மா அதட்டுறது, கீரைக்காரம்மா கூவுறது. கதாநாயகன் அம்மா கிட்ட சத்தியம் பண்ற எடத்துல கீரை என்ன வெலைன்னு எங்கம்மா கேக்குறாங்க. ஒரு கட்டு தான் வாங்கிருக்காங்க போல.

இப்ப பிரச்சினை என்னன்னா போட்டா சத்தம் ரொம்ப அமுங்கி, அப்பப்ப ஒரு பக்கம் மட்டும் வந்து போகுது. உள்ள பாத்தா டேப்புக்குப் பின்னாடி இருக்குற சின்னப் பஞ்சு உதுந்து கெடக்கு. கடைல குடுத்தா அறுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு. இத கம்ப்யூட்டர்ல ஏத்தணும். எந்தப் படம்னும் தெரியல, டைட்டில் சொல்லி முடிச்சப்புறம் தான் அமுக்கிருக்காங்க, அம்மாவுக்கும் மறந்துபோச்சு.

ஹெட்_அட்ஜஸ்ட்மென்ட்:
தம்பி பயப்படாதீங்க, கைல எடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க. அந்தப் பஞ்சு தான் டேப்ப, சத்தத்தப் படிக்கற ஹெட்டோட ஒட்டி அமுத்துது, பின்னாடி செம்புத் தகடு ஒண்ணு ஸ்பிரிங்கா இருக்கும். பஞ்சு விழுந்தா டேப் ஹெட்ட விட்டு எட்டி நிக்கும், சத்தம் அமுங்கத் தான் செய்யும். ஃபெவிகால் வெச்சு ஒட்டாதீங்க, அது ஊறி டேப்ல இழுத்துடும்.

உங்க கேசட்ல நாலு மூலையும் நடுவுலயும் அஞ்சு ஸ்க்ரூ இருக்கா பாருங்க. இருந்தா வேல சுலபம். அதே மாதிரி ஸ்க்ரூ வெச்ச வேண்டாத கேசட் ஒண்ணு எடுத்துக்கோங்க, பழைய பக்திப் பாட்டு எதாவது இருக்கும், சாமி கோச்சுக்காது. ரெண்டையும் மேசைல படுக்க வெச்சு மேல் மூடிய மட்டும் தூக்கணும். நிமித்திப் புடிச்சீங்கன்னா ரீல் சரிஞ்சு 90 மீட்டரும் மடில விழும். சி-60ன்னா (அறுபது நிமிச கேசட்) 90 மீட்டர், சி-90ன்னா 135, ரெண்டும் ஒரே டப்பாக்குள்ள அடங்கணும்ங்கறதால சி-90 டேப் வெங்காயத் தோல் தான், தொட்டாலே மடங்கும். ரெண்டு ரீலையும் அப்டியே மாத்தி நல்ல டப்பால வெச்சு, டேப் ஓரத்துல இருக்கற ரெண்டு உருளையச் சுத்திப் போகுதான்னு பாத்து மூடுங்க. ஸ்க்ரூ இல்லாம ஒட்டுன டப்பான்னா தனியா கேளுங்க, அது பிளேடு வேல. பின்னாடி இருக்கற சின்ன தாப்பாள் ரெண்டும் ஒடைஞ்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா இப்பவே ஒடைச்சிடுங்க, எவனாவது கை தவறி ரெக்கார்ட அமுக்கிடப் போறான்.

அடுத்தது ஹெட். அம்மா ரெக்கார்ட் பண்ண செட்ல ஹெட் எந்தச் சாய்வுல இருந்துச்சோ அதே சாய்வுல இருந்தா தான் மேல் சத்தம் முழுசா வரும். கேசட் ஓடிட்டிருக்கும்போது ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ தெரியும், காந்தம் இல்லாத சின்ன ஸ்க்ரூ டிரைவரால மெதுவா கால் சுத்து இப்டி அப்டி திருப்புங்க. கீரைக்காரம்மா "ஸ்"ன்னு சொல்றது எப்ப கூர்மையா கேக்குதோ அங்க நிறுத்திடுங்க. அப்புறம் இயர்ஃபோன் ஓட்டைலருந்து கம்ப்யூட்டர் லைன் இன்னுக்கு வயர், வால்யூம பாதிக்கு மேல ஏத்தாதீங்க, ஆடாசிட்டின்னு ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் இலவசம் தான், அதுல புடிங்க. இரைச்சல எடுக்கறேன்னு சாஃப்ட்வேர்ல ரொம்ப அரைக்காதீங்க, குக்கரும் போயிடும்.

கம்பம்காரன்:
இந்த ஒரு பதிவுக்கே இழைய ஒட்டி வைக்கலாம்ப்பா. நடுவுல ஒரு கேள்வி, யாராச்சும் ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து வாங்குனவங்க இருக்கீங்களா? எங்கூர்ல கடைசில எடம் மிச்சம் இருந்தா அந்தக் கடைக்காரரு அவருக்குப் புடிச்ச பாட்ட ஒண்ண போட்டு ரொப்பிருவாரு. நாம ரஜினி பாட்டா எழுதிக் குடுத்தா கடைசில பாதிப் பாட்டு பி.பி.ஸ்ரீனிவாஸ் வரும், டக்குனு பாதில நிக்கும். ஸ்ரீனிவாஸ் பாட்டுன்னா பாதில முடியிற பாட்டுன்னே நெனச்சேன் கொஞ்ச காலம்.

வடமராட்சியான்:
எங்களுக்கும் அப்பிடித்தான் அண்ணை. யாழ்ப்பாணத்தில ரெக்கோடிங் பார் எண்டு சொல்லுவம். அதுக்குத் தனி இழை துவங்குங்கோ, இதில கலக்காதேங்கோ, நான் ஒரு முழுநாள் எழுதுவன்.

பழையசோறு:
ஹெட் அண்ணே, கோடி நன்றி. டப்பா மாத்தியாச்சு, அஞ்சு ஸ்க்ரூ டைப் தான். ஓடுது. கீரைக்காரம்மாவ வச்சுத்தான் ஹெட்டும் சரி பண்ணேன், வீட்ல எல்லாரும் ஓடி வந்துட்டாங்க, கதவத் தட்றது இங்கயா கேசட்லயான்னு தங்கச்சி எந்திரிச்சுப் போயி வாசல்ல பாத்துட்டு வந்தா.

ஆனா ஒரு அநியாயம். பி சைடு கடைசில வில்லன் துப்பாக்கிய எடுத்துட்டு "இனிமே உன்ன"ங்கறான், டொக்குனு ஒரு சத்தம், அதுக்கப்பறம் எங்க சித்தி வளைகாப்புல பொம்பளைங்க பாடுறது. பத்து நிமிசம். படத்து மேல இத யாரு புடிச்சாங்கன்னு வீட்ல பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு, சித்தி இது நல்ல பாட்டுதானேங்கறாங்க. படம் எதுன்னு தெரிஞ்சாலாவது மிச்சத்த தேடிப் பாத்துக்கலாம்.

கேள்விஞானம்:
வில்லன் பேசற எடம் ரெண்டு நிமிசம் வெட்டி இங்க போடுங்க. குரல வச்சு ஆளச் சொல்லிடறேன், ஆளு தெரிஞ்சா படம் பிடிச்சிடலாம். வளைகாப்புப் பாட்டையும் சேத்துப் போடுங்க, அதையும் கேக்கலாம்.

சிந்தாமணி:
வில்லன் சுட்டானா இல்லையான்னு மட்டும் யாராச்சும் ராத்திரிக்குள்ள சொல்லீருங்க. எனக்கு எந்தக் கேஸும் பாதில நின்னா தூக்கம் வராதுங்க.